விக்கறதுக்கு மட்டும்தான் கிட்னியை டெஸ்ட் பண்ணுவோமா?

2025 ஜூலையில பள்ளிபாளையம் கிட்னி விவகாரம் வெடிச்சப்ப எல்லாரும் புரோக்கரைத் திட்டினோம். விசைத்தறி ஓட்டற ஜனங்க, கடன், வாரத் தவணை, சில லட்சத்துக்குக் கிட்னின்னு டிவியில தினமும் ஓடுச்சு. அரசு விசாரணைக் குழு போட்டுச்சு. ரெண்டு தனியார் ஆஸ்பத்திரிகள்ல மாற்று அறுவை சிகிச்சையை நிறுத்தி வெச்சாங்க. ஐகோர்ட் மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழு போட்டுச்சு. திட்ட வேண்டியவங்களைத் திட்டியாச்சு, சரி.

ஆனா அந்தச் செய்தியில என்னை உறுத்தின ஒரு சங்கதியை யாரும் எழுதக் காணோம். அதான் இந்தப் பதிவு.

ஒருத்தர்கிட்ட இருந்து கிட்னியை எடுக்கணும்னா சும்மா எடுத்துட முடியாது. ரத்த வகை பார்ப்பாங்க. கிரியேட்டினின் பார்ப்பாங்க. சிறுநீர்ல புரதம் போகுதான்னு பார்ப்பாங்க. ஸ்கேன், கிட்னிக்குப் போற ரத்தக் குழாய்க்கு சி.டி., ஒவ்வொரு கிட்னியும் எவ்வளவு வேலை செய்யுதுன்னு தனிக் கணக்கு. யோசிச்சுப் பாருங்க மக்களே, பன்னெண்டு மணி நேரம் தறியில நிக்கற ஒருத்தரோட கிட்னியை இத்தனை அக்கறையா வேற எப்பவாவது யாராவது பார்த்திருப்பாங்களா? அதுவும் அவருக்காகப் பார்க்கல. வாங்கறவருக்காகப் பார்த்தாங்க.

நல்ல கிட்னி யார்கிட்ட இருக்குன்னு கண்டுபிடிக்க புரோக்கருக்குத் தெரியுது. கெட்டுப்போகப் போற கிட்னி யார்கிட்ட இருக்குன்னு கண்டுபிடிக்க நமக்குத் தெரியலையா? தெரியும். எப்படின்னு தெரியும், யாரைப் பார்க்கணும்னும் தெரியும், எவ்வளவு செலவுன்னும் தெரியும். செய்யலை. அவ்வளவுதான் என் வாதம். இனி விவரம்.

கிட்னி சத்தம் போடாது

பல்லு வலிச்சா ராத்திரி தூக்கம் வராது. நெஞ்சு வலிச்சா 108-க்கு போன் போடறோம். கிட்னி அப்படி இல்லைங்க. முக்காவாசி வேலையை நிறுத்தற வரைக்கும் மூச்சு விடாது. கால் வீங்கி, முகம் ஊதி, சாப்பாடு பிடிக்காம, வாந்தி வந்து ஆஸ்பத்திரிக்குப் போறப்ப நேரா டயாலிசிஸ்ல படுக்க வைக்கறாங்க. சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போற பஸ்ல உக்காந்து பக்கத்து சீட்டுக்காரங்ககிட்டப் பேச்சுக் குடுத்துப் பாருங்க. "போன மாசம் வரைக்கும் நல்லாத்தான் இருந்தாருங்க"ன்னு யாராவது ஒரு அக்கா சொல்லும். நல்லா இல்லைங்க அக்கா. அஞ்சாறு வருஷமாவே கெட்டுக்கிட்டு இருந்திருக்கும். யாரும் பார்க்கலை.

பார்க்கறதுக்குத் தேவையானது ரெண்டே ரெண்டு டெஸ்ட்.

ஒண்ணு, ரத்தத்துல கிரியேட்டினின். அதை வெச்சு கிட்னி நிமிஷத்துக்கு எவ்வளவு ரத்தத்தை வடிகட்டுதுன்னு ஒரு கணக்கு போடணும். அதுக்கு இ.ஜி.எஃப்.ஆர்.னு பேரு. ரெண்டாவது, மூத்திரத்துல ஆல்புமின்ங்கற புரதம் ஒழுகுதான்னு பார்க்கறது. (மூத்திரம்னு எழுதினா முகம் சுளிக்காதீங்க. இந்தக் கூச்சத்துக்கும் இந்த வியாதிக்கும் ரொம்பச் சம்பந்தம் இருக்கு.) வடிகட்டற அளவு 60-க்குக் கீழ போனாலோ, ஆல்புமின் அளவு ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல இருந்தாலோ, அது மூணு மாசத்துக்கு மேல நீடிச்சா நாள்பட்ட சிறுநீரக நோய். உலகம் முழுக்க இதான் அளவுகோல்.

ரெண்டுல ஒண்ணு மட்டும் பார்த்தாப் பத்தாது. சுகர்காரங்க பலருக்குக் கிரியேட்டினின் ஏறறதுக்குப் பல வருஷம் முன்னாடியே மூத்திரத்துல ஆல்புமின் ஒழுக ஆரம்பிச்சுடும். காப்பாத்தறதுக்குத் தோதான நேரம் அதான்.

"நார்மல்"னு ஒரு பொய்

நம்ம ஊர் லேப் சீட்டு பார்த்திருப்பீங்க. கிரியேட்டினின் 1.1, பக்கத்துல 0.6 முதல் 1.2 வரைன்னு அடைப்புக்குறி. "நார்மல்தாங்க, கிளம்புங்க". எங்க தெருப் பெரியம்மா ஒருத்தங்களுக்கும் இப்படித்தான் ஒரு சீட்டு. வயசு 60, எடை அம்பதைத் தாண்டாது, பத்து வருஷமா சுகர். சீட்டைப் பத்திரமா சாமி படத்துக்குப் பின்னாடி செருகி வெச்சிருந்தாங்க.

கணக்கைப் பாருங்க. 25 வயசுப் பையனுக்குக் கிரியேட்டினின் 1.1 இருந்தா, 2021-ல வந்த புது சூத்திரப்படி வடிகட்டற அளவு 95 கிட்ட வரும். ராஜா மாதிரி இருக்கான்னு அர்த்தம். அதே 1.1, 60 வயசு அம்மாவுக்கு இருந்தா 57, 58தான். அதாவது கோட்டைத் தாண்டியாச்சு, மூணு மாசத்துல மறுபடி பார்த்தே ஆகணும். சீட்டு ரெண்டு பேருக்கும் ஒரே வார்த்தையைத்தான் சொல்லுது: நார்மல்.

இதுக்குப் புது மிஷின் வாங்க வேணாம், புது ரத்தமும் எடுக்க வேணாம். வயசும், ஆணா பெண்ணாங்கறதும் லேப் கம்ப்யூட்டர்ல ஏற்கனவே இருக்கு. ஒரு வரி சூத்திரம் போட்டா இன்னொரு நம்பர் தானா அச்சாகும். பெரிய கார்ப்பரேட் லேப்கள்ல பலதும் போடறாங்க. சின்ன டவுன் லேப்ல ஏன் போடலைன்னு கேட்டா, "யாரும் கேக்கறதில்லைங்க"ங்கறாங்க. கேக்கறதுக்கு முதல்ல அப்படி ஒண்ணு இருக்குன்னு தெரியணுமே!

"அதான் வீட்டுக்கே வந்து சுகர் பார்க்கறாங்களே?"

உண்மைதான். 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பிச்சாங்க. பி.பி. மிஷினும் சுகர் மிஷினும் வாசலுக்கே வந்துச்சு, மாத்திரையும் வந்துச்சு. 2024-ல ஐ.நா. விருதே குடுத்துச்சு. எந்தக் கட்சிக்காரரா இருந்தாலும் பாராட்ட வேண்டிய திட்டம். அதுக்கு முன்னாடி நிலைமை எப்படி இருந்துச்சுன்னா, 2020-ல அரசு எடுத்த கணக்குல பி.பி. இருக்கறவங்கள்ல 7.3 சதவீதம் பேருக்கும் சுகர் இருக்கறவங்கள்ல 10.8 சதவீதம் பேருக்கும்தான் அது கட்டுக்குள்ள இருந்துச்சு. மீதிப் பேரோட கிட்னி எந்தத் திசையில போகும்னு சொல்ல ஜோசியர் வேணாம்.

என் கேள்வி வேற. அதே திட்டத்துல கிட்னி போனவங்களுக்கு, வயித்து வழியா பண்ற டயாலிசிஸுக்கான பை வீட்டுக்கே வருது. கிட்னி போகப் போறவங்களுக்கு ஒரு மூத்திரக் கப்பு வீட்டுக்கு வரலை. எங்க பக்கம் நான் பார்த்த வரைக்கும் வரலை. 2023-ல ஆரம்ப சுகாதார நிலையங்கள்ல சிறுநீர்ப் பட்டை டெஸ்ட் வெச்சுக் கிட்னி பாதிப்பைக் கண்டுபிடிக்கத் தனித் திட்டமே அரசு ஆரம்பிச்சுச்சு. ரொம்பச் சரி. ஆனா பகல் ஷிப்டு தறிக்காரர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எப்ப போவாரு? ஒரு நாள் லீவு போட்டா அன்னிக்குக் கூலி போச்சு. உடம்புக்கு ஒண்ணும் இல்லாதப்ப யாருங்க லீவு போட்டுட்டு மூத்திரம் குடுக்கப் போவா?

இன்னொரு பெரிய ஓட்டை. சுகரும் பி.பி.யும் இருந்தாத்தான் கிட்னி கெடும்னு நாம நினைச்சுக்கிட்டு இருக்கோம். சென்னை மருத்துவக் கல்லூரி சிறுநீரகவியல் துறை டாக்டர்கள் தமிழ்நாட்டுல 3,350 விவசாய வேலைக்காரங்களைச் சோதிச்சு 2025-ல முடிவை வெளியிட்டாங்க. 5.31 சதவீதம் பேருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய். அதுல ஏறக்குறைய பாதிப் பேருக்கு சுகரும் இல்ல, பி.பி.யும் இல்ல, தெரிஞ்ச வேற காரணமும் இல்ல. வெயில்ல வேலை செஞ்சு உடம்பு நீர் வத்திப் போறதைத்தான் முக்கியமா சந்தேகப்படறாங்க. சுகர் மிஷினை மட்டும் தூக்கிக்கிட்டுப் போனா இந்தப் பாதிப் பேர் கண்ணுல பட மாட்டாங்க.

இப்ப நம்ம சமவெளியைப் பாருங்க. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழ சித்திரை வெயில்ல ஓடற பள்ளிபாளையம், குமாரபாளையம் தறிப்பட்டறைங்க. நாமக்கல்ல லாரி பாடி கட்டற பட்டறையில வெல்டிங் வேலை. திருச்செங்கோட்டுல இருந்து வடநாடு பூரா போற ரிக் வண்டியில மாசக்கணக்கா வெயில்ல கிடக்கற பசங்க. மூத்திரத்துக்கு வண்டியை நிறுத்த நேரமில்லாம தண்ணி குடிக்கறதையே குறைச்சுக்கற லாரி டிரைவருங்க. சேலத்து வெள்ளைக்கல் சூளை. குச்சிக்கிழங்கு பிடுங்கற ஆளுங்க, சேகோ பேக்டரியில களத்துல மாவு காயவைக்கற பொம்பளைங்க. அந்தப் பொம்பளைங்க பல பேருக்கு வேலை செய்யற இடத்துல கக்கூஸ் கிடையாது. அதனால காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் தண்ணியே குடிக்கறதில்ல.

இத்தனை பேருக்கும் பொதுவா ஒண்ணு இருக்கு. சாயங்காலம் உடம்பு வலி. மெடிக்கல்ல போய் "அண்ணே, மேல் வலிக்கு ரெண்டு குடுங்க"ன்னா பேர் எழுதாத கவர்ல டைக்ளோபினாக் வரும். நீர் வத்திப்போன உடம்புல தினமும் வலி மாத்திரை விழுந்தா கிட்னிக்கு அதைவிடப் பெரிய சோதனை வேற வேணாம்.

ஆக, யாருக்கு வரும்னு கண்டுபிடிக்க ஆராய்ச்சிக்கூடம் வேணாம். சுகர், பி.பி. இருக்கறவங்க, வீட்டுல யாருக்காவது டயாலிசிஸ் நடந்தவங்க, கல் அடைப்பு வந்தவங்க, பிரசவத்துல பி.பி. ஏறினவங்க, 60 தாண்டினவங்க, வெயில்லயும் சூட்டுலயும் வேலை பார்க்கறவங்க, வலி மாத்திரையை முறுக்கு மாதிரி திங்கறவங்க. பட்டியல் முடிஞ்சுது. எங்க ஊர் டீக்கடை பெஞ்சுல உக்காந்தே நான் பேர் எழுதித் தருவேன்.

"முதல்ல காரணம் தெரியட்டும்"

இது இன்னொரு கோஷ்டி. சாயத்தண்ணிதான் காரணம்னு ஒருத்தர். போர் தண்ணியில புளோரைடுன்னு இன்னொருத்தர். பூச்சிமருந்துன்னு மூணாவது ஆள். ஆர்.ஓ. தண்ணின்னு நாலாவது. சாயத்தண்ணியைக் காவிரியில விடறது அக்கிரமம், அதுக்குத் தனியா சண்டை போடுவோம். ஆனா காரணம் முடிவாகற வரைக்கும் ஆளைத் தேட மாட்டேன்னு சொல்றது, நெருப்பு எங்க பிடிச்சுதுன்னு பஞ்சாயத்து பேசி முடிச்சுட்டுத்தான் தண்ணி ஊத்துவேன்னு சொல்ற மாதிரி.

இலங்கையைப் பாருங்க. வடமத்திய மாகாணத்துல, அனுராதபுரம், மெதவச்சி, பதவியா பக்கம், 1990-கள்ல இருந்து நெல் விவசாயிங்க காரணம் தெரியாத கிட்னி நோயால சாகறாங்க. கிளைபோசேட் களைக்கொல்லிதான் காரணம்னு சொல்லி 2015-ல தடையே போட்டாங்க, அப்புறம் தளர்த்தினாங்க. காரணம் பத்தின சண்டை இன்னும் ஓயலை. ஆனா சண்டை ஒரு பக்கம் நடக்க, இன்னொரு பக்கம் ஊர் ஊராப் போய் ஜனங்களைச் சோதிச்சாங்க, சுத்தமான தண்ணிக்கு ஏற்பாடு பண்ணாங்க. ஆந்திராவுல ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானம் பக்கமும் இதே வியாதி, இதே விவாதம். மத்திய அமெரிக்காவுல கரும்புத் தோட்டத்து ஆளுங்களுக்கும் இதே. அங்க சில இடங்கள்ல தண்ணி, நிழல், இடைவேளை மூணையும் கட்டாயமாக்கிப் பார்த்திருக்காங்க, பலனும் தெரிஞ்சிருக்கு. நம்ம தறிப்பட்டறையில முதலாளி ஒரு பானைத் தண்ணியும் பத்து நிமிஷ இடைவேளையும் குடுக்கறதுக்கு எந்த ஆராய்ச்சி முடிவு வரணும்?

"காசுக்கு எங்க போறது?"

இதுக்குத்தான் நான் காத்துக்கிட்டு இருந்தேன்.

சென்னையில டாக்டர் எம்.கே. மணின்னு மூத்த சிறுநீரக நிபுணர். பத்மபூஷண் வாங்கினவர். டயாலிசிஸும் மாற்று அறுவை சிகிச்சையும் இந்தியாவுல எல்லாருக்கும் கட்டுப்படியாகாது, வராம தடுக்கறதுதான் வழின்னு ஓயாம சொன்னவர். சொன்னதோட நிக்காம, கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் மூலமா 1990-கள்ல சென்னைக்குப் பக்கத்துக் கிராமங்கள்ல 25,000 ஜனங்களை எடுத்துக்கிட்டாரு. பள்ளிக்கூடம் முடிச்ச உள்ளூர்ப் பொண்ணுங்களுக்குப் பயிற்சி குடுத்தாரு. அவங்க வீடு வீடாப் போய் நாலு கேள்வி கேட்டு, பி.பி. பார்த்து, மூத்திரத்தை ரெண்டு பழைய கால ரசாயனத்தால டெஸ்ட் பண்ணாங்க. புரதத்துக்கு சல்போசாலிசிலிக் அமிலம், சர்க்கரைக்கு பெனடிக்ட் கரைசல். பத்தாங்கிளாஸ் லேப்ல நாம பார்த்தமே, அதேதான். சந்தேகப்பட்டவங்களை டாக்டர் பார்த்து, இருக்கறதுலயே விலை குறைஞ்ச மாத்திரை குடுத்தாங்க.

செலவு? ஜனத்தொகையில தலைக்கு வருஷத்துக்கு அரை டாலர்கூட ஆகலை. இதை 2003-லயும் 2005-லயும் சர்வதேச சிறுநீரக இதழ்லயே எழுதினாரு. இருபது வருஷம் தாண்டிடுச்சு. நம்ம மாநிலத்துல நடந்த வேலை, வெளிநாட்டு டாக்டருங்க மேற்கோள் காட்டறாங்க, நாம?

இன்னொரு பக்கம் டயாலிசிஸ் கணக்கு. வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை, ஒரு தடவைக்கு நாலு மணி நேரம், உயிர் இருக்கற வரைக்கும். முதலமைச்சர் காப்பீட்டுல இலவசம்தான். பஸ் செலவு இலவசமா? கூட வர்ற பொண்டாட்டியோட கூலி இலவசமா? ஸ்கூலை விட்டு நின்னு தறிக்குப் போற பையனோட படிப்பு? அந்தக் குடும்பம் வாங்கற கடனுக்கு அப்புறம் வாசல்ல வந்து நிக்கப் போறது யாரு, அதே புரோக்கர்தானே?

"கண்டுபிடிச்சு என்ன பண்றது, மருந்தே இல்லையே?"

இது பொய். பாதி படிச்சவங்க பரப்பற பொய். எனலாப்ரில், டெல்மிசார்டன் வகை பி.பி. மாத்திரைங்க புரதம் ஒழுகறதையே குறைக்கும், பல வருஷமா மலிவா கிடைக்குது. டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைங்க, சுகர் இல்லாத கிட்னி நோயாளிங்களுக்கும் நோய் ஓட்டத்தை மெதுவாக்கும்னு 2020-ல பெரிய ஆய்வு காட்டுச்சு. அதே வகையில எம்பாகிளிஃப்ளோசினுக்கு 2025 மார்ச்ல இந்தியாவுல காப்புரிமை முடிஞ்சு விலை மளமளன்னு இறங்குச்சு. இதெல்லாம் டாக்டர் பார்த்துத் தர வேண்டியது, நீங்களா வாங்கித் தின்னாதீங்க. போன கிட்னி திரும்பாதுங்கறது நிஜம். ஆனா டயாலிசிஸைப் பல வருஷம் தள்ளிப் போட முடியும். மூத்த பொண்ணு கல்யாணம், பையன் படிப்பு எல்லாம் அந்த வருஷங்களுக்குள்ளதான் இருக்கு.

கேம்ப் நடத்தறவங்களுக்கு ஒரு வார்த்தை

மார்ச் மாசம் ரெண்டாவது வியாழன் உலக சிறுநீரக தினம். 2006-ல இருந்து நடக்குது. ஷாமியானா, பேனர், மஞ்சள் டி-ஷர்ட், வாக்கத்தான், போட்டோ. வாக்கத்தானுக்கு வர்றவர் ஏற்கனவே வருஷம் தவறாம மாஸ்டர் செக்கப் பண்றவர். தேட வேண்டிய ஆளு அந்நேரம் தறியில இருக்காரு.

அதைவிட முக்கியம், ஒரு நாள் கேம்ப்ல இந்த நோயைக் கண்டுபிடிக்கவே முடியாது. மேல சொன்னேன்ல, மூணு மாசம் நீடிக்கணும். காய்ச்சல் இருந்தாலும், முந்தின நாள் கடுமையா உழைச்சிருந்தாலும், மூத்திரத் தொற்று இருந்தாலும் ஆல்புமின் காட்டும். விவசாயி ஆய்வுலயும் முதல் தடவை தப்பாத் தெரிஞ்சவங்களை மூணு மாசம் கழிச்சு மறுபடி பார்த்துட்டுத்தான் கணக்கு சொன்னாங்க. கேம்ப்காரங்களே, உங்க நோட்டுல பேர் எழுதினீங்களே, ஜூன் மாசம் அவங்களை யார் கூப்பிட்டா? கூப்பிடலைன்னா நீங்க நடத்தினது விளம்பரம். பேரை மாத்திக்குங்க.

என்ன செய்யணும்னா...

1. வீட்டுக்கு வர்ற சுகர் மிஷின் கூடவே மூத்திரக் கப்பும் பட்டையும் வரட்டும். சுகர், பி.பி. பதிவேட்டுல இருக்கற ஒவ்வொருத்தருக்கும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது ரெண்டு டெஸ்டும்.

2. தறிப்பட்டறை, லாரி பட்டறை, சேகோ பேக்டரி, சூளை. ஷிப்டு மாறற நேரத்துல அங்கயே போய் டெஸ்ட். ஓட்டுக் கேக்க அங்க வர முடியுதுல்ல?

3. கிரியேட்டினின் சீட்டு குடுக்கற எல்லா லேப்பும் இ.ஜி.எஃப்.ஆர். போடணும்னு ஒரு உத்தரவு. ஒரு பைசா செலவில்ல.

4. தப்பா வந்தவங்களுக்கு மூணாவது மாசம் போன். இதுக்குத் தனியா ஆள் போட்டாலும் தகும்.

5. கடைசியா, யாரும் பேசாத ஒண்ணு. பள்ளிபாளையத்துல கிட்னி குடுத்தவங்க. ஒத்தைக் கிட்னியோட, அதே தறியில, அதே சூட்டுல, அதே வலி மாத்திரையோட நிக்கறாங்க. கிட்னி குடுத்த யாருக்கும் ஆயுசு பூரா வருஷா வருஷம் பி.பி., கிரியேட்டினின், ஆல்புமின் பார்க்கணும்ங்கறது பால பாடம். இவங்களைப் பார்த்தா போலீஸ் கேஸ், வாக்குமூலம். பயந்துக்கிட்டு ஆஸ்பத்திரிப் பக்கமே வர மாட்டாங்க. கேஸ் ஒரு பக்கம் நடக்கட்டும். இந்த டெஸ்டை வாக்குமூலம் கேக்காம, கேள்வி கேக்காம செஞ்சு குடுக்கணும். இந்த மாவட்டத்துலயே கிட்னி போற அபாயம் யாருக்குன்னு தேடினா முதல் வரிசையில நிக்கறவங்க இவங்கதான். விலாசம் அரசு கோப்புலயே இருக்கு.

இதைப் படிக்கற பதிவர்களுக்கு ஒண்ணு. ஊருக்குப் போறப்ப அப்பா அம்மாவோட லேப் சீட்டை எடுத்துப் பாருங்க. கிரியேட்டினின் மட்டும் இருந்தா, வயசைப் போட்டு அந்தக் கணக்கைப் போடுங்க, நெட்ல இலவசமாவே இருக்கு. மூத்திர ஆல்புமின் டெஸ்ட் இல்லைன்னா அடுத்த தடவை கேட்டு வாங்குங்க. வீட்டு வேலைக்கு வர்ற அக்காவுக்கும், வாட்ச்மேன் அண்ணனுக்கும் அதே டெஸ்டுக்கு நீங்களே காசு குடுங்க. ஒரு பிரியாணிச் செலவுதான்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. மாத்திரையைப் பத்திப் பின்னூட்டத்துல என்கிட்ட சந்தேகம் கேட்டா பதில் வராது, டாக்டரைப் பாருங்க. "தினமும் அஞ்சு லிட்டர் தண்ணி குடிச்சா கிட்னிக்கு ஒண்ணும் ஆகாது"ன்னு வாட்ஸப் ஃபார்வர்டை இங்க கொண்டுவந்து ஒட்டறவங்களோட பின்னூட்டம் கண்டிப்பா அழிக்கப்படும் :-)